திரை நீலமானால்...
வீட்டுக் கம்ப்யூட்டர் திடீரென்று படுத்துவிட்டால் முதலில் காப்பாற்ற வேண்டியது எந்திரத்தை அல்ல, அதற்குள் இருப்பதை.

1998 ஏப்ரல் 20. சிகாகோவில் காம்டெக்ஸ் கண்காட்சி. விற்பனைக்கு வரவிருந்த விண்டோஸ் 98-ன் பெருமைகளை மேடையில் விளக்கிக்கொண்டிருந்தார் மைக்ரோசாஃப்ட் தலைவர் பில் கேட்ஸ். அவருடன் இருந்த ஊழியர் கிறிஸ் கபோசெலா ஒரு ஸ்கேனரைக் கம்ப்யூட்டரில் இணைத்தார். உடனே திரை முழுக்க நீலம். அதன் மேல் வெள்ளை எழுத்துகளில் பிழைச் செய்தி. அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. இன்னும் விற்பனைக்கு விடாததற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று சமாளித்தார் கேட்ஸ்.

வீட்டில் இது நடக்கும்போது யாருக்கும் சிரிப்பு வருவதில்லை. மறுநாள் கொடுக்க வேண்டிய ப்ராஜெக்ட், பல வருடக் குடும்பப் படங்கள், வருமான வரிக் கணக்கு எல்லாம் அந்தத் திரைக்குப் பின்னால் சிக்கிக்கொள்கின்றன. பதறிப்போய் பக்கத்துக் கடைக்குத் தூக்கிச் சென்றால் பல இடங்களில் கிடைக்கும் வைத்தியம் ஒன்றுதான்: 'ஃபார்மட் பண்ணிடலாம் சார்'. கம்ப்யூட்டர் பிழைத்துக்கொள்ளும். படங்கள் போயே போய்விடும்.

நீலத் திரை என்பது நோயல்ல, தற்காப்பு. விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல், உள்ளே ஏதோ விபரீதம் என்று கண்டதும், தொடர்ந்து ஓடினால் டிஸ்க்கில் உள்ளதும் கெட்டுவிடும் என்று தானே நின்றுவிடுகிறது. வீட்டில் ஃபியூஸ் போவது மாதிரிதான். நிற்பதற்கு முன் காரணத்தை ஒரு குறியீடாகத் திரையில் எழுதிவிட்டு நிற்கிறது. விண்டோஸ் 11-ல் 2025-ல் மைக்ரோசாஃப்ட் நீலத்தைக் கறுப்பாக மாற்றியது. ஆனால் குறியீடு அப்படியே இருக்கிறது. அதை செல்போனில் படம் எடுத்துக்கொள்வதுதான் முதல் வேலை. அதற்குள் கம்ப்யூட்டர் மீண்டும் துவங்கிவிட்டாலும் பாதகமில்லை. விண்டோஸில் உள்ள 'ரிலையபிலிட்டி மானிட்டர்' எந்தத் தேதியில் எது விழுந்தது என்று வரிசையாகக் காட்டும்.

இரண்டாவது வேலை, உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது. பத்து நிமிடம் ஓடினாலும் போதும், முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிட வேண்டும். விண்டோஸ் துவங்கவே மறுத்தால், பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் துவக்கிக் கோப்புகளை எடுக்கலாம். அல்லது டிஸ்க்கைக் கழற்றி யு.எஸ்.பி. அடாப்டர் வழியாக வேறு கம்ப்யூட்டரில் மாட்டலாம். டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்ற சத்தம் வந்தால் மட்டும் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் சேதம் கூடலாம்.

பிறகுதான் வைத்தியம். அதற்கு ஒரே கேள்வி: கடைசியாக என்ன மாறியது? புதிய பிரிண்டரா, டிரைவரா, அப்டேட்டா, கூடுதல் ரேமா?

இந்தக் கேள்வியின் அருமையை உலகமே உணர்ந்தது 2024 ஜூலை 19 அன்று. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் இந்திய நேரப்படி காலை 9.39-க்கு அனுப்பிய பிழையான அப்டேட், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களைச் சாய்த்தது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பரிகாரமோ எளியது: 'சேஃப் மோடில்' துவக்கி, குற்றவாளியான அந்தக் கோப்பை நீக்கினால் போதும். ஃபார்மட் தேவைப்படவில்லை. விழுந்தவை பெரும்பாலும் அலுவலகக் கம்ப்யூட்டர்கள்தான். ஆனாலும் வழி வீட்டுக்கும் பொருந்தும். டிரைவர்களைக் குறைந்தபட்சமாக்கித் துவக்குவதுதான் சேஃப் மோட். அதில் ஒழுங்காக ஓடினால், சந்தேகம் புதிதாக வந்த மென்பொருள் மேல் விழும்.

அன்று பலர் தடுமாறியது வேறோர் இடத்தில். டிஸ்க் 'பிட்லாக்கர்' பூட்டுடன் இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. இப்போது பல புதிய விண்டோஸ் 11 லேப்டாப்களில் இந்தப் பூட்டு தானாகவே போடப்படுகிறது. சாவி பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே அதைத் தாளில் எழுதி வைப்பது நல்லது.

எதுவும் மாறாமலேயே விழுந்தால்? அப்போது பார்க்க வேண்டியது வெப்பமும் மின்சாரமும். ஏப்ரல், மே வெயிலில், ஃபேனில் தூசி அடைத்த கம்ப்யூட்டர் நீலத் திரைகூடக் காட்டாமல் பொட்டென்று அணைந்துவிடும். சூடு எல்லை மீறினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளும் முறை அது. தூசியை ஊதி எடுப்பதும், பிராசஸர் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவதும் அதிகச் செலவில்லாத வேலைகள். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊர்களில் எஸ்.எம்.பி.எஸ். பலவீனமாகிவிடும். விண்டோஸ் பதிவேட்டில் 'கெர்னல் பவர் 41' என்ற வரியைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். கம்ப்யூட்டர் முறையாக அணைக்கப்படாமல் நின்றது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை. பழைய மதர்போர்டு என்றால் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்த சந்தேகம் ரேம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு குறியீடு வந்தால் அனுபவசாலிகள் முதலில் பார்ப்பது இதைத்தான். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ரேமைக் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து மாட்டுவது நம்மூர் சர்வீஸ்காரர்களின் பழைய கைவைத்தியம். பல முறை பலிக்கவும் செய்கிறது. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். விண்டோஸிலேயே நினைவகச் சோதனை வசதியும் இருக்கிறது.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். டிரைவரையும் ரேமையும் ஒரே நாளில் மாற்றினால், சரியானாலும் காரணம் தெரியாது. அடுத்த வாரம் மறுபடியும் விழுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ஃபார்மட் கெட்ட வார்த்தையல்ல. மற்ற எல்லாம் தோற்றபின் அதுவும் ஒரு வழி. ஆனால் கெட்டது ரேமாகவோ எஸ்.எம்.பி.எஸ்-ஸாகவோ இருந்தால் ஃபார்மட் செய்தும் பயனில்லை, நீலத் திரை திரும்பி வரும். எனவே கடைக்குப் போகும்போது மூன்று விஷயங்களைக் கொண்டுபோக வேண்டும்: குறியீட்டின் படம், எப்போதெல்லாம் விழுந்தது என்ற குறிப்பு, கடைசியாக என்ன மாறியது என்ற விவரம். கூடவே ஒரு காலி வெளி டிஸ்க்கும் போகட்டும். 'முதலில் இதில் நகல், அப்புறம் மற்றது' என்று சொல்லிவிட்டு, நகல் எடுத்த கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகே கம்ப்யூட்டரை ஒப்படைக்கலாம்.