ஸ்பீக்கர் பெட்டி: செய்வதா, வாங்குவதா?

தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் ஸ்பீக்கர் செட் வாங்கத் துடிக்கும் பிள்ளைகள் நம் லயங்களில் உண்டு. கரண்டு வேலை தெரியாத வீட்டுக்குக் கடைச் செட்டே பொருந்தும். கைப்பழக்கம் உள்ளவர்கள் பெட்டியைத் தாங்களே செய்யலாம்.

வெறும் ஸ்பீக்கரில் முன்பக்கச் சத்தத்தைப் பின்பக்கச் சத்தம் அடித்துப்போடும். அதனால்தான் மேளம் எடுபடாது. காற்றுப் போகாத பெட்டிக்குள் பின்பக்கத்தை அடைத்தால் அடிச்சத்தம் எழும்பும். சிப்போட் பலகை வேண்டாம், நம்ம மலைப்பனியில் ஊறி உப்பிப்போகும். தடித்த பிளைவுட் எடுங்கள்.

காசு கரியாகும் இடம் ஒன்று உண்டு. 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்து ஒரே இணைப்பில் கொடுத்தால் 4 ஓம் ஆகிவிடும். எம்பிளிபயரின் பின்னால் 8 ஓம் என்று மட்டும் இருந்தால், சூடேறிக் கருகலாம். ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்தால் 16 ஓம். சத்தம் கொஞ்சம் குறையும்; பக்கத்துக் காம்பராவுக்கு அது நல்லதுதானே!