நாய்க்குட்டி வாங்கும் முன்

புசுபுசுவென்று முடி. ஓநாயைப் போன்ற முகம். சிலவற்றுக்கு நீல நிறக் கண்கள். இப்படி ஒரு நாயைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் சைபீரியன் ஹஸ்கி.

இந்தக் குட்டிகள் இப்போது நம் பக்கத்திலும் விலைக்கு வருகின்றன. பிள்ளைகள் கேட்கிறார்கள். நமக்கும் ஆசை வருகிறது. ஆசைப்படுவது தவறல்ல. ஆனால் விலையைக் கேட்கும் முன், இந்த நாயின் ஊர் எது என்று கேளுங்கள்.

இதன் ஊர் எது?

ரஷ்யாவில் சைபீரியா இருக்கிறது. அதன் வடகிழக்கு மூலையில் சுக்சி என்ற மக்கள் வாழ்கிறார்கள். பனிக்காலத்தில் அங்கே நிலமெல்லாம் உறைந்து கிடக்கும். அந்த மக்கள் இந்த நாய்களைச் சறுக்கு வண்டியில் பூட்டி ஓட்டினார்கள். நமக்கு மாட்டு வண்டி போல, அவர்களுக்கு நாய் வண்டி.

1925-ம் ஆண்டில் அமெரிக்காவின் அலாஸ்கா பகுதியில் நோம் என்ற ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. மருந்து வெகு தூரத்தில் இருந்தது. கடும் பனியில் வேறு வழி இல்லை. நாய் வண்டிகள்தான் மருந்தைக் கொண்டு போயின. ஒரு வண்டியிலிருந்து அடுத்த வண்டிக்கு மாற்றி மாற்றி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடின. ஆறு நாளுக்குள் மருந்து போய்ச் சேர்ந்தது. ஹஸ்கி அப்படிப்பட்ட உழைப்பாளி.

நம் ஊரில் என்ன ஆகும்?

திருவனந்தபுரம் பழவங்காடியை எண்ணிப் பாருங்கள். பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம். பக்கத்தில் கிழக்கேகோட்டை பஸ் நிலையம். அப்பால் சாலைக் கடைத்தெரு. நெருக்கமான வீடுகள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பகல் வெப்பம் 33 டிகிரியைத் தொடும். காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும்.

ஹஸ்கிக்கு இரண்டு அடுக்கு முடி உண்டு. உள்ளே கம்பளி போன்ற அடர்ந்த முடி. வெளியே நீண்ட முடி. உடம்புச் சூடு வெளியே போகாமல் காப்பது இதன் வேலை.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு அப்படி இல்லை. நாக்கை நீட்டி மூச்சு வாங்கித்தான் அது சூட்டைத் தணிக்கும். நாக்கின் ஈரம் காய்ந்தால்தான் சூடு இறங்கும். மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி காய்கிறதா? காற்றில் ஈரம் மிகுந்தால் நாக்கின் ஈரமும் சீக்கிரம் காயாது. சூடு உடம்பிலேயே தங்கிவிடும். அதனால் உயிரே போகலாம்.

2024-ம் ஆண்டில் தமிழ்நாடு அரசு நாய் இனப்பெருக்கம் பற்றி ஒரு கொள்கையை வெளியிட்டது. இனப்பெருக்கம் செய்யக் கூடாத வெளிநாட்டு இனங்களின் பட்டியல் அதில் இருந்தது. ஹஸ்கியும் அந்தப் பட்டியலில் இருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

"ஏசி போட்டால் போதும்" என்று விற்பவர் சொல்லலாம். ஒரு டன் ஏசி ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் ஆகும். நாளுக்கு 8 மணி நேரம் என்றால் மாதத்துக்கு 240 யூனிட். உங்கள் மின்சார பில்லை எடுத்து வைத்துக் கூட்டிப் பாருங்கள். தீனி, தடுப்பூசி, மருத்துவச் செலவு இவையெல்லாம் தனி. இந்த நாய் 12 வருடத்துக்கு மேலும் வாழும். இன்று ஒன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்கும் வரை இந்தச் செலவு இருக்கும்.

பணம் மட்டும் போதாது. வண்டி இழுத்த நாய் சும்மா கட்டிக் கிடக்காது. தினமும் ஒரு மணி நேரமாவது ஓட வேண்டும். ஓட விடாவிட்டால் ஊளையிடும், மண்ணைத் தோண்டும், சுவர் ஏறிக் குதிக்கும். கோழியையும் பூனையையும் துரத்தும்.

காகிதத்தைப் படியுங்கள்

நாய்க்குட்டி விற்பனைக்கு 2017-ம் ஆண்டில் மத்திய அரசு விதிகள் கொண்டு வந்தது. நாயை இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. ஆகவே பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். குட்டி பிறந்த தேதியைப் பாருங்கள். தடுப்பூசி அட்டையில் எந்த ஊசி, எந்தத் தேதி என்று படியுங்கள். படித்த பிறகே பணம் கொடுங்கள். வாங்கிய பின் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மாநகராட்சியில் லைசென்ஸ் எடுக்க வேண்டும்.

வேறொரு வீட்டு நாயைப் பார்த்துக்கொள்ளும் வேலையா?

நம்மில் சிலருக்கு அந்த வேலை உண்டு. அவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விடியற்காலையிலும் இரவிலும் மட்டும் நாயை வெளியே கூட்டிப் போங்கள். முதலில் தார் ரோட்டில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுட்டால், நாயின் பாதமும் சுடும். முடியை மழிக்காதீர்கள். வெளி முடி வெயிலிலிருந்து தோலைக் காக்கும். உதிரும் உள்முடியைச் சீப்பால் வாரி எடுங்கள்.

நாய் ஓயாமல் மூச்சு வாங்குகிறதா? கெட்டியாக எச்சில் வடிகிறதா? தள்ளாடுகிறதா? உடனே நிழலுக்குக் கொண்டு போங்கள். உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். குடிக்கவும் தண்ணீர் வையுங்கள். தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். வீட்டுக்காரர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

நாய் வளர்க்க ஆசையா?

நம் தெருவில் பிறந்த நாட்டுக் குட்டியைப் பாருங்கள். அதன் முடி குட்டை. நம் வெயிலும் மழையும் அதற்குப் பழக்கம். நம் வீட்டுச் சோறும் மீனும் அதற்குப் பிடிக்கும். அதற்கும் தடுப்பூசி வேண்டும், லைசென்ஸ் வேண்டும், அன்பு வேண்டும். ஆனால் ஏசி வேண்டாம்.

இன்று வீட்டில் எல்லோரும் கூடி உட்காருங்கள். ஒரு காகிதத்தில் இந்த நான்கு கேள்விகளையும் எழுதுங்கள்.

1. பகலில் நாய் எங்கே படுக்கும்?
2. தினமும் யார் ஓட விடுவார்கள்?
3. மாதம் எவ்வளவு செலவாகும்?
4. நாம் ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்?

நான்குக்கும் விடை எழுத முடிந்த பிறகு குட்டியைப் பார்க்கப் போங்கள்.