துணைச் செவிலியருக்கு வயது வரம்பு இல்லை. மேலே செல்ல வழியும் இல்லை
பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் ஏட்டிலேயே நிற்கும் சலுகை

புதுதில்லி: ஜி.என்.எம். எனப்படும் பொதுச் செவிலியர் பட்டயப் படிப்பில் சேர 17 முதல் 35 வயது வரை என இந்திய நர்சிங் கவுன்சில் வரம்பு வகுத்தது. அதே விதியில் ஒரு விலக்கும் சேர்க்கப்பட்டது. ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியராகவோ பெண் சுகாதாரப் பார்வையாளராகவோ இருப்பவர்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது என்பதே அது. பிள்ளைகள் கல்லூரிக்குச் செல்லும் வயதில் தாயும் மீண்டும் மாணவியாகலாம் என்று தலைநகரில் வகுக்கப்பட்ட விதி தாராளமாகவே அனுமதிக்கிறது.

கேரளத்தின் தென்கோடியில், தமிழக எல்லையைத் தொட்டு நிற்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிக் கிராமங்களில் இந்தச் சலுகைக்கு என்ன பொருள் இருக்கிறது என்று பார்த்தால், விதிக்கும் வாழ்க்கைக்கும் உள்ள தூரம் புலப்படும். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசப்படும் மண் இது. செவிலியர் பணி இங்கு குடும்பங்களைக் கரையேற்றிய தொழில். பழைய திருவிதாங்கூரின் நெய்யூரில் 1838-இல் லண்டன் மிஷன் தொடங்கிய மருத்துவமனை இன்று தமிழகத்தின் குமரி மாவட்டத்தில் உள்ளது. அதன் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய, எவரெஸ்ட் மலையேற்றக் குழுக்களில் இடம்பெற்ற சோமர்வெல்லின் பெயரைத் தாங்கிய மருத்துவக் கல்லூரி எல்லைக்கு இப்பால் காரக்கோணத்தில் இருக்கிறது. பாறசாலையில் தாலுகா தலைமை மருத்துவமனையும் நெய்யாற்றின்கரையில் பொது மருத்துவமனையும் உள்ளன. மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. அவற்றில் வேலை செய்யும் பெண்கள் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

மூன்று படிகள்

நாட்டில் பதிவு பெற்ற செவிலியப் பணியாளர்கள் 33 லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் ஏ.என்.எம். நிலையில் உள்ளவர்கள். தாய்சேய் நலப் பணிக்கென 1951-இல் பஞ்சாபின் தரன் தாரனில் தொடங்கிய இப்பயிற்சி, முதலில் இரண்டாண்டாக இருந்து, இடையில் ஒன்றரை ஆண்டாகக் குறைக்கப்பட்டு, 2012-13-க்குப் பின் மீண்டும் இரண்டாண்டாயிற்று. அதற்கு முன் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே சேர்க்கைத் தகுதி. கேரளத்தில் இவர்களுக்கு இளநிலைப் பொதுச் சுகாதாரச் செவிலியர் என்று பெயர். தமிழகத்தில் கிராம சுகாதார செவிலியர். அடுத்த படி ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்த, மருத்துவமனைகளில் 'ஸ்டாஃப் நர்ஸ்' எனப்படும் முழுநிலைச் செவிலியர்.

இவ்விரண்டுக்கும் கீழே எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஒரு படி உண்டு. சிறு மருத்துவமனைகளில் வேலை செய்தபடியே ஊசி போடவும் கட்டுப் போடவும் கற்றுக்கொண்டவர்கள், அங்கீகாரமில்லாத நிலையங்களில் பணம் கட்டி 'நர்சிங் உதவியாளர்' சான்றிதழ் பெற்றவர்கள், நகரத்து முதியவர்களைப் பார்த்துக்கொள்ள 'ஹோம் நர்ஸ்' எனச் செல்பவர்கள் எல்லாம் இந்தப் படியில் நிற்கிறார்கள். பத்தாண்டு அனுபவம் இருந்தாலும் கவுன்சிலின் கண்ணில் இவர்கள் செவிலியர் அல்லர். வயது விலக்கு இவர்களுக்குப் பொருந்தாது. 35 கடந்துவிட்டால் கதை முடிந்தது. அந்தச் சான்றிதழுக்கு மதிப்பில்லை என்பது, பெரும்பாலும் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் தெரிய வருகிறது.

படியின் உயரம் ஊதியத்திலும் தெரியும். தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியத்தை ஆராயக் குழு அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் உத்தரவிட்டது. 50 படுக்கைகளுக்குக் குறைந்த மருத்துவமனையிலும் மாத ஊதியம் ரூ.20,000-க்குக் குறையக்கூடாது என்று அக்குழு பரிந்துரைத்தது. கேரளச் செவிலியர் பல போராட்டங்களுக்குப் பின் 2018 ஏப்ரலில் அந்தத் தொகையைக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவிக்க வைத்தனர். ஆனால் இத்தகைய ஆணைகளின் பயன் பதவிப் பெயரைப் பொறுத்தே கிடைக்கிறது. 'உதவியாளர்' என்று எழுதப்பட்டவர், செவிலியரின் வேலையையே செய்தாலும், செவிலியரின் ஊதியத்தைக் கோர முடிவதில்லை.

துணை மையத்தில் ஒரு புதிய நாற்காலி

அரசுப் பணியில் இருப்பவரின் நிலை வேறு வகையானது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று என வகுக்கப்பட்ட சுகாதாரத் துணை மையம் நெடுங்காலம் ஏ.என்.எம். ஒருவரின் பொறுப்பிலேயே நடந்தது. எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி பாக்கி, எந்த முதியவர் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

2018-இல் மத்திய அரசு துணை மையங்களையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் நலவாழ்வு மையங்களாக மாற்றத் தொடங்கியது. துணை மையத்தில் 'சமுதாய சுகாதார அலுவலர்' என்ற புதிய பணியிடம் உருவாயிற்று. அதற்கான தகுதி ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங், அல்லது ஆயுர்வேதப் பட்டம். அத்துடன் ஆறு மாதச் சான்றிதழ்ப் பயிற்சி. கேரளத்தில் இவர்கள் இடைநிலைச் சேவையாளர் என்று அழைக்கப்படுகின்றனர். ஊரை அறிந்த துணைச் செவிலியருக்கு மேலே, ஊருக்குப் புதியவரான, வயதில் இளைய ஒருவர் வந்து அமர்ந்தார். வந்தவர் மீது பிழையில்லை. அவரும் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியரே.

இந்த மையங்களுக்கு 'ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்' எனப் பெயரிடுவதா, 'ஜனகீய ஆரோக்கிய கேந்திரம்' எனப் பெயரிடுவதா என்று தில்லிக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே நடந்த சர்ச்சை 2023-லும் 2024-லும் பத்திரிகைகளில் நிறைய இடம் பிடித்தது. மையத்துக்குள் இருந்த ஏ.என்.எம். அந்தப் புதிய நாற்காலிக்கு எப்படி உயர்வார் என்ற கேள்விக்கு அதில் கால்பங்கு கவனமும் கிடைக்கவில்லை.

துறைக்குள் அவருக்குப் பதவி உயர்வே இல்லை என்று சொல்ல முடியாது. கேரளத்தில் முதல் நிலை, பின்னர் நெடுநாள் 'லேடி ஹெல்த் இன்ஸ்பெக்டர்' என்று அழைக்கப்பட்ட பதவி, அதன்பின் சூப்பர்வைசர் என ஒரு வரிசை உண்டு. தமிழகத்திலும் பகுதி, சமுதாய சுகாதார செவிலியர் பதவிகள் உண்டு. இவை பொதுச் சுகாதாரத் துறையின் ஏணிகள். முழுநிலைச் செவிலியர் பதிவுக்குச் செல்லும் ஏணி வேறு. இரண்டும் எங்கும் சந்திப்பதில்லை.

மூன்றாண்டுக் கணக்கு

ஜி.என்.எம். இன்று மூன்றாண்டுப் படிப்பு. முன்பு மூன்றரை ஆண்டு. ஏ.என்.எம். முடித்தவர் சேர்ந்தாலும் முதலாண்டின் முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும். அவர் ஏற்கெனவே படித்த இரண்டாண்டும், பார்த்த பிரசவங்களும், போட்ட தடுப்பூசிகளும் கணக்கில் வருவதில்லை. பகலில் வகுப்பும் வார்டுப் பயிற்சியும் என்பதால் வேலையைத் தொடர முடியாது. கட்டணம் ஒருபுறம், இழக்கும் ஊதியம் மறுபுறம், மாதத் தவணையோ நிற்பதில்லை. வீட்டு வேலையை யார் பார்ப்பது என்ற கேள்வியை எந்தச் சேர்க்கை விவரக் குறிப்பும் கேட்பதில்லை. வீட்டில் முதலில் கேட்கப்படும் கேள்வி அதுதான்.

அரசுப் பள்ளிகளில் இடம் கிடைத்தால் செலவு குறையும். ஆனால் மத்திய விதி 'பதிவு பெற்ற ஏ.என்.எம்.' என்பதையே ஒரு தகுதியாக ஏற்றாலும், கேரளத்தில் அரசு இடங்களுக்கான தரவரிசையில் பிளஸ் டூ அறிவியல் மதிப்பெண்களே முன்னிற்கின்றன. பத்தாம் வகுப்போடு துணைச் செவிலியர் பயிற்சிக்குச் சென்றவரிடம் அந்த மதிப்பெண்ணே இல்லை. அவர் போட்டியிடுவதோ, சென்ற மாதம் தேர்வு எழுதிய பதினேழு வயதுப் பெண்ணுடன்.

இங்கு ஒப்பிட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஜி.என்.எம். முடித்தவர் பட்டதாரியாக இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிப்பு உள்ளது. கேரளத்தில் அதில் அரசுப் பணியிலிருப்போருக்கெனத் தனி இடங்களே ஒதுக்கப்படுகின்றன. மேலேயுள்ள படியில் இருப்பவருக்கு இன்னும் மேலே செல்லப் பாலம் போட்ட அரசுகள், கீழ்ப் படியில் இருப்பவரை ஏன் நீந்தி வரச் சொல்கின்றன?

எல்லைக் கோடு இட்ட முடிச்சு

எல்லைக் கிராமத்தில் இன்னொரு தடையும் சேர்கிறது. சென்னை மாகாணச் செவிலியர் சட்டம் 1926-இல் வந்தது. கேரளத்தின் சட்டம் 1953-இல் திருவிதாங்கூர்-கொச்சி அரசு இயற்றியது. அப்போது நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் ஒரே மாநிலத்தின் அடுத்தடுத்த தாலுகாக்கள். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. மார்ஷல் நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய பட்டியலில் இருந்தும் நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது.

அன்று விழுந்த கோடு இன்று ஒரு செவிலியரின் கோப்பில் முடிச்சாகக் கிடக்கிறது. பாறசாலையிலிருந்து பேருந்தில் சிறிது நேரத்தில் களியக்காவிளை. அங்கிருந்து மார்த்தாண்டமோ நாகர்கோவிலோ சென்று ஏ.என்.எம். படித்தவரின் பெயர் தமிழ்நாடு கவுன்சிலின் பதிவேட்டில் ஏறும். கேரள அரசுப் பணிக்குக் கேரள கவுன்சிலின் பதிவு வேண்டும். பதிவை மாற்ற இரு கவுன்சில்களுக்கும் விண்ணப்பம், சரிபார்ப்பு, கட்டணம், காத்திருப்பு. அண்மை ஆண்டுகளில் ஆதார் இணைப்புடன் தேசிய அடையாள எண் வழங்கும் கணினிப் பதிவு வந்த பிறகு இந்தச் சிரமம் ஓரளவு குறையும் நிலை உருவாயிற்று. இருப்பிடச் சான்று வேறு கதை. தமிழகத்தில் படித்தவர் கேரளத்தவர். கேரளத்தில் குடியிருப்பவரின் கல்வியோ தமிழகத்தது. அரசு ஒதுக்கீட்டு இடம் கேட்கும்போது இரு பக்கமும் இதையே சுட்டிக்காட்ட முடியும்.

கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசுடன் தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தலாம் என்கிறது. விண்ணப்பத்தைத் தமிழில் எழுதும் உரிமை இருக்கிறது, ஜி.என்.எம். வகுப்பும் தேர்வும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. இருபதாண்டுக்கு முன் தமிழ்வழியிலோ மலையாளவழியிலோ பள்ளியை விட்டவருக்கு உடற்கூறியலை விட ஆங்கிலமே பெரிய பாடம்.

பிற நாடுகள் இதைச் செய்து பார்த்திருக்கின்றன. பிரிட்டன் 1943 சட்டத்தின் மூலம் உருவாக்கிய இரண்டாம் நிலைச் செவிலியர் பிரிவைப் பின்னாளில் நிறுத்தியபோது, ஏற்கெனவே பணியிலிருந்தவர்கள் முழுநிலைக்கு மாற மாற்றுப் பயிற்சிகளை நடத்தியது. அமெரிக்காவில் உரிமம் பெற்ற நடைமுறைச் செவிலியர், முன்படிப்பைக் கணக்கில் கொள்ளும் இணைப்புப் படிப்பின் வழியாகப் பதிவுச் செவிலியராகலாம். கேரளமும் குமரியும் செவிலியரை அனுப்பும் நாடுகள்தான் இவை.

இந்தியாவில் 1947-ஆம் ஆண்டின் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக, தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் 2023-இல் நிறைவேற்றியது. தொழில்முறைச் செவிலியர், இணைச் செவிலியர் என்ற இரு நிலைகளை அச்சட்டம் ஏற்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறும் வழி ஆணையத்தின் விதிமுறைகளைப் பொறுத்தது. ஏ.என்.எம். பாடங்களுக்கு ஓராண்டுக் கழிவு, படிக்கும் காலத்தில் ஊதியத்துடன் விடுப்பு, எந்த மாநிலத்துப் பதிவானாலும் அப்படியே ஏற்பு ஆகிய மூன்றையும் முன்வைக்கும் இடம் அதுவே. இரண்டாவது கோரிக்கைக்கு மாநில நிதித்துறைகள் எளிதில் இசையமாட்டா.

பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதியில் அடங்கியவை. கோட்டுக்கு அப்பால் விளவங்கோடு கன்னியாகுமரித் தொகுதியில். ஒரே கேள்வியை இரு உறுப்பினர்களும் அவையில் எழுப்புவதற்கு மொழியோ எல்லையோ தடையில்லை.