லினக்ஸில் யுஎஸ்பி கருவிகளுக்கு நிலையான பெயரிடல்

லினக்ஸ் இயங்குதளத்தில் வட்டு, சீரியல் மாற்றி போன்ற யுஎஸ்பி கருவிகள் '/டெவ்' என்னும் அடைவில் ஒரு பெயருடன் தோன்றும். வட்டுகள் எஸ்டிஏ, எஸ்டிபி என்றும், சீரியல் மாற்றிகள் டிடிஒய்யுஎஸ்பி0, டிடிஒய்யுஎஸ்பி1 என்றும் பெயர் பெறும். கெர்னல் இப்பெயர்களைக் கருவிகளைக் கண்டறியும் வரிசையில் வழங்குகிறது.

சிக்கல்

வகுப்பிற்குள் நுழையும் வரிசைப்படி மாணவர்களுக்கு எண் கொடுத்தால், இன்று 1 ஆக இருப்பவர் நாளை 3 ஆகலாம். சேர்க்கை எண்ணோ மாறாது. கெர்னல் தரும் பெயர் முதல் வகையைச் சேர்ந்தது. காப்புநகல் எடுக்கும் நிரல் எஸ்டிபி என்ற பெயரை மட்டும் நம்பினால், பெயர் மாறிய நாளில் வேறொரு வட்டின் தரவு அழியக்கூடும்.

யூடெவ் விதி

இதற்குத் தீர்வு தருவது யூடெவ். கிரெக் குரோவா-ஹார்ட்மேன் 2003 இல் தொடங்கிய இம்மென்பொருள், 2012 முதல் சிஸ்டம்டி திட்டத்தின் பகுதியாக உள்ளது. கருவியை அடையாளம் காணும் முறை:

1. 'யூடெவ்அட்ம் இன்ஃபோ' கட்டளையால் கருவியின் தயாரிப்பாளர் எண், பொருள் எண், தொடர் எண் ஆகியவற்றை அறிய வேண்டும். சிஎச்340 சில்லு கொண்ட சீரியல் மாற்றிகளில் முதல் இரண்டும் பொதுவாக 1ஏ86, 7523 என இருக்கும்.
2. '/இடிசி/யூடெவ்/ரூல்ஸ்.டி' அடைவில் '.ரூல்ஸ்' என முடியும் கோப்பில் விதியை எழுத வேண்டும். பண்புகளை ஒப்பிட இரட்டைச் சமக்குறியும் (==), புதிய பெயரைச் சேர்க்கக் கூட்டல்-சமக்குறியும் (+=) பயன்படும்.
3. விதிகளை மீண்டும் ஏற்றியபின், கருவியைக் கழற்றி மாட்ட வேண்டும்.

இவ்வாறு உருவாவது ஒரு குறியீட்டு இணைப்பே. கெர்னல் தந்த பெயர் அப்படியே இருக்கும்; நாம் வைத்த பெயர் எப்போதும் சரியான கருவியைச் சுட்டும்.

வரம்புகள்

விலை குறைந்த பல மாற்றிகளில் தொடர் எண் இருப்பதில்லை. அத்தகைய இரண்டை ஒரே கணினியில் பயன்படுத்தினால், அவை செருகப்பட்ட துளையைக் கொண்டே பிரித்தறிய வேண்டும். அப்போது துளை மாறினால் பெயரும் மாறும்.

வட்டுகளுக்குப் பொதுவாகத் தனி விதி தேவையில்லை. '/டெவ்/டிஸ்க்' அடைவில் யுயுஐடி, லேபிள் ஆகியவற்றின்படி இணைப்புகளை யூடெவ் தானே உருவாக்குகிறது. ஆனால் ஒரு வட்டை அப்படியே முழுமையாக நகலெடுத்தால் யுயுஐடியும் நகலாகிவிடும். மூலத்தையும் நகலையும் ஒரே நேரத்தில் இணைத்தால், அந்தப் பெயர் எந்த வட்டைக் குறிக்கும் என்று உறுதியாகக் கூற இயலாது.