வரவு வேறு, வருமானம் வேறு

சொந்தத் தொழில் தொடங்கினால் பிள்ளையின் கல்வி உதவித்தொகை நின்றுவிடுமா? வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்களா? தாட்கோ கடனுக்கு விண்ணப்பிக்க நினைக்கும் நம் குடும்பங்களில் இந்தப் பயம் இருக்கிறது. பயந்துபோய்ச் சிலர் தொழிலே வேண்டாம் என்கிறார்கள். சிலர் வருமானத்தை மறைக்கிறார்கள். இரண்டுமே நமக்கு நஷ்டம்.

முதலில் விதியைப் பார்ப்போம். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. 2013-14 முதல் இதுதான் வரம்பு. மாதத்துக்குக் கணக்கிட்டால் ரூ.20,833. இன்னொரு பக்கம், முதலமைச்சரின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் சமூக பொருளாதாரத் திட்டத்தில் தொழில் தொடங்க 35 சதவீதம், அதிகபட்சம் ரூ.3.5 லட்சம் மானியம் கிடைக்கிறது. ஒரு திட்டம் வருமானத்தைப் பெருக்கச் சொல்கிறது. இன்னொன்று வருமானம் பெருகினால் விலக்கிவிடுகிறது. நடுவில் மாட்டிக்கொள்வது கல்லூரிக்குப் போகும் பிள்ளை.

கணக்கு எங்கே தவறுகிறது?

ஒரு டீக்கடையை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு ரூ.2,000 வியாபாரம், ஆண்டில் 300 நாள் கடை திறந்தால் மொத்த வரவு ரூ.6 லட்சம். பால், தூள், சர்க்கரை, காஸ், வாடகை, கடன் வட்டி எல்லாம் நாளுக்கு ரூ.1,350 என்றால் கையில் நிற்பது ரூ.650. ஆண்டு வருமானம் ரூ.1,95,000. இந்தக் குடும்பம் வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் க்யூஆர் அட்டை வழியாக வங்கிக் கணக்கில் விழுந்த தொகையை மட்டும் பார்ப்பவர் 'ஆறு லட்சம்' என்று எழுதிவிடலாம். செலவுக்குச் சீட்டு இல்லையென்றால் நம்மால் பதில் சொல்ல முடியாது.

எனவே ஒரு நோட்டுப் போடுங்கள். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. மாதக் கடைசியில் கூட்டிக் கழித்து எழுதுங்கள். கொள்முதல் சீட்டு, மின் கட்டணம், வாடகை ரசீது, வங்கிக் கடன் அறிக்கை ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள். கடனில் வட்டி செலவாகும், அசல் செலவாகாது. இதைக் கல்லூரியில் படிக்கும் பிள்ளையே செய்யலாம். வருமானச் சான்றுக்காக கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்கும்போது அந்த நோட்டைக் காட்டுங்கள். உதவித்தொகைக்குப் பெற்றோர் வருமானமே கணக்கு. வேலைக்குப் போகும் அண்ணன் சம்பளத்தைச் சேர்க்கத் தேவையில்லை.

இன்னொரு பள்ளமும் உண்டு. பெரிய கடன் கிடைக்கும் என்று தரகர் பேச்சைக் கேட்டு, இல்லாத லாபத்தைக் காட்டி வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்வது. வரிக் கணக்கில் 5 லட்சம், வருமானச் சான்றில் ஒரு லட்சம் என்று இருந்தால் எது பொய் என்ற கேள்வி வரும். இரண்டு இடத்திலும் ஒரே உண்மை இருக்கட்டும்.

நோட்டீஸ் வந்தால்

பொய்த் தகவல் கொடுத்து வாங்கிய உதவித்தொகையை ரத்து செய்து, கொடுத்ததை வசூலிக்க விதியில் இடம் உண்டு. ஆனால் பொய் சொல்வதும் வருமானம் மாறுவதும் ஒன்றல்ல. போன ஆண்டு நிலவரத்தை உண்மையாகச் சொல்லி வாங்கியது, இந்த ஆண்டு தொழில் தூக்கியதால் பொய்யாகிவிடாது. வரம்பைத் தாண்டிவிட்டோம் என்று தெரிந்தால், அடுத்த புதுப்பித்தலுக்கு முன் கல்லூரிக்கும் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்கும் எழுத்தில் சொல்லுங்கள். நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நாமே முன்வந்து சொன்னதற்கு அந்த நகல்தான் சாட்சி.

பணத்தைத் திருப்பிக் கட்டு என்று கடிதம் வந்தால் உடனே வட்டிக்கு வாங்கிக் கட்ட ஓடாதீர்கள். வாங்கிப் பெட்டியில் போட்டும் வைக்காதீர்கள். எந்த ஆண்டுக்கு, எவ்வளவு, எந்த ஆவணத்தின் அடிப்படையில் என்று எழுத்தில் கேளுங்கள். நம் தரப்பைக் கேட்காமல் வசூலிப்பது இயற்கை நீதிக்கு எதிரானது. உதவித்தொகை மாணவர் கணக்கில் வந்து அப்படியே கல்லூரிக் கட்டணமாகப் போயிருந்தால் கட்டண ரசீதை இணையுங்கள். கட்டியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் தவணை கேளுங்கள். பதில் இல்லையென்றால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி ஆவண நகல் கேட்கலாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12-ன்படி பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு இலவச சட்ட உதவி உரிமை. இதற்கு வருமான வரம்பு கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

குடும்பங்கள் கணக்கு எழுதினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீத இடஒதுக்கீட்டில் 2019 முதல் ரூ.8 லட்சத்துக்குக் கீழ் வருமானம் உள்ளவர் 'ஏழை'. பட்டியல் சாதிப் பிள்ளையின் உதவித்தொகைக்கு மட்டும் வறுமைக் கோடு ரூ.2.5 லட்சத்திலேயே நிற்கிறது. இதற்கிடையில் பால் விலை முதல் விடுதிக் கட்டணம் வரை எல்லாம் ஏறிவிட்டன. ஒரு ரூபாய் கூடினாலும் மொத்த உதவியும் போகும் என்ற நிலையில், வளர நினைப்பவர் பயப்படுவது இயல்பு. வரம்பை உயர்த்த வேண்டும்; தாண்டியவருக்கும் உதவியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இந்தக் கோரிக்கையை கிராம சபையிலும் மாணவர் கூட்டங்களிலும் நாம் தீர்மானமாக எழுப்ப வேண்டும். கடையையும் நடத்துவோம், பிள்ளையையும் படிக்க வைப்போம்.