இணையப் பாத்திர விளையாட்டுகளில் கில்டுக் கூட்டணிகள்

இணையப் பாத்திர விளையாட்டுகளில் ஆட்டக்காரர்கள் தாங்களாகச் சேர்ந்து அமைத்துக்கொள்ளும் நிலையான குழு கில்டு எனப்படும். விளையாட்டுக்கு விளையாட்டு இதன் பெயர் மாறும். சிட்டி ஆஃப் ஹீரோஸில் சூப்பர்குரூப், ஈவ் ஆன்லைனில் கார்ப்பரேஷன், லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ஆன்லைனில் கின்ஷிப் என்பார்கள். உறுப்பினர்கள் குறைந்து ஒரு கில்டு தனித்து இயங்க முடியாமல் போகும்போது, கலைந்துவிடாமல் வேறு கில்டுகளுடன் சேர்ந்து விளையாட ஏற்பாடு செய்துகொள்வது கில்டுக் கூட்டணி ஆகும். கூட்டணியில் ஒவ்வொரு கில்டும் தன் பெயரையும் தலைமையையும் வைத்துக்கொள்ளும். இணைப்பில் அப்படியில்லை, ஒரு பெயர்தான் மிஞ்சும்.

தோற்றம்

1974-இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஒரு மேசையைச் சுற்றிச் சில நண்பர்கள் அமர்ந்து விளையாடும் ஆட்டம். 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய மட் என்னும் எழுத்து விளையாட்டு, கணினி வழியே பலர் ஒரே கற்பனை உலகில் நுழைய வழி செய்தது. 1997-இல் அல்டிமா ஆன்லைன், 1999-இல் எவர்குவெஸ்ட், 2004 நவம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்று வந்த பெரிய விளையாட்டுகளில் ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் உலவினர். அந்த உலகின் பெரிய டிராகனை வீழ்த்தப் பல பத்துப் பேர் ஒரே நேரத்தில், ஒரே திட்டத்துடன் வர வேண்டியிருந்தது. முன்பின் தெரியாதவர்களை அப்படித் திரட்ட முடியாது. கில்டு அந்தத் தேவையிலிருந்து வலுப்பெற்றது.

எண்ணிக்கை குறைந்தால் என்ன ஆகும்?

பல பேர் சேர்ந்து ஒரு கோட்டைக்குள்ளோ குகைக்குள்ளோ சென்று பெரிய எதிரிகளை வரிசையாக வீழ்த்துவது ரெய்டு எனப்படும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் தொடக்க காலத்தில் மோல்ட்டன் கோர் போன்ற ரெய்டுகள் 40 பேருக்கென வடிவமைக்கப்பட்டன. அடியைத் தாங்குபவர், காயத்தை ஆற்றுபவர், தாக்குபவர் என்று ஒவ்வொருவருக்கும் தனி வேலை உண்டு. கிரிக்கெட் கிளப்பின் பட்டியலில் 30 பெயர்கள் இருக்கலாம். ஞாயிறு காலை ஏழு பேர் மட்டும் மைதானத்துக்கு வந்தால் ஆட்டம் நடக்காது. ரெய்டும் அப்படித்தான். அதிலும் காயம் ஆற்றுபவர்கள் வராவிட்டால், மற்றவர்கள் அனைவரும் வந்திருந்தாலும் பயனில்லை.

ஆகவே கில்டு படிப்படியாகத் தேய்வதில்லை. ஒரு வரம்புக்குக் கீழே இறங்கியதும் சட்டென்று நின்றுபோகிறது. தேர்வு, புதிய வேலை, குழந்தை, அலுப்பு என்று ஏதோ காரணத்தால் ஐந்து பேர் விலகுகிறார்கள். ரெய்டு இரண்டு வாரம் ரத்தாகிறது. இன்னும் விளையாட ஆசையுள்ளவர்கள், நடக்கும் ரெய்டைத் தேடி வேறு கில்டுக்குப் போகிறார்கள். முதலில் போனவர்களைவிட இவர்களே அதிகம். நிக்கோலஸ் டுஷனோவும் அவருடைய சகாக்களும் 2007-இல் வெளியிட்ட வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கில்டுகள் பற்றிய ஆய்வும், இக்குழுக்கள் எளிதில் சிதையக்கூடியவை என்பதையே காட்டியது.

விளையாட்டு நிறுவனம் எண்ணை மாற்றும்போதெல்லாம் இந்த வரம்பும் மாறியது. 2007 ஜனவரியில் வந்த விரிவாக்கம் பெரிய ரெய்டுகளை 25 பேருக்கானவை ஆக்கியது. அதன் முதல் ரெய்டான கராஸானுக்கு 10 பேர்தான் தேவை. 40 பேரை வைத்திருந்த கில்டில் யார் எந்தப் பத்தில் சேர்வது என்ற கேள்வியே பிளவுக்கு வித்திட்டது. 2010 டிசம்பர் விரிவாக்கத்தில் 10 பேர் ரெய்டும் 25 பேர் ரெய்டும் ஒரே தரமுள்ள பரிசுகளைத் தந்தன. பலர் எளிதாகத் திரட்டக்கூடிய பத்துக்கு இறங்கினர். பிறகு 2014 நவம்பரில் மிகக் கடினமான மித்திக் நிலைக்கு 20 பேர் கட்டாயம் என்றானது. பத்துப் பேருடன் நிம்மதியாக இருந்த கில்டுகள் ஆளைத் தேட வேண்டும், இன்னொரு கில்டுடன் சேர வேண்டும், அல்லது அந்த நிலையையே விட வேண்டும். யாரும் விலகாமலேயே ஒரு குழு ‘ஆள் குறைந்த’ குழுவாகிவிட்ட விசித்திரம் இது.

ஒட்டுமொத்த வீழ்ச்சியும் இதனுடன் சேர்ந்தது. 2010 அக்டோபரில் 1.2 கோடியைத் தொட்ட இவ்விளையாட்டின் சந்தாதாரர் எண்ணிக்கை, 2015 செப்டம்பர் இறுதியில் 55 இலட்சமாக இருந்தது. அதன்பின் அந்த எண்ணிக்கையை வெளியிடுவதையே நிறுவனம் நிறுத்திக்கொண்டது.

கூட்டணி நடைபெறும் விதம்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் கில்டுகளுக்கிடையே கூட்டணி அமைக்கத் தனி வசதி ஏதும் தரப்படவில்லை. ஆட்டக்காரர்கள் தாங்களே வழி கண்டனர். கடவுச்சொல் இட்ட ஒரு பொது அரட்டைத் தடம், இரு கில்டுகளின் தலைவர்களும் அடங்கிய சிறு குழு, வாரத்தில் இன்ன நாள் இத்தனை மணிக்கு ரெய்டு என்ற உடன்பாடு, பெரும்பாலும் இவ்வளவுதான். 2018-இல் வந்த கம்யூனிட்டி வசதி, வெவ்வேறு சர்வர்களில் உள்ளவர்களையும் ஒரே அரட்டையில் சேர்க்க உதவியது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாத இடர் ஒன்று உண்டு. பழைய விதிப்படி, ஒரு பாத்திரம் ஒரு ரெய்டில் ஓர் எதிரியை வீழ்த்திவிட்டால், அந்த வாரம் முழுவதும் அதே குழுவின் ரெய்டுக்குக் கட்டுப்பட்டுவிடும். கூட்டணியுடன் செவ்வாய்க்கிழமை போனவர், சொந்தக் கில்டுடன் வெள்ளிக்கிழமை அதே ரெய்டுக்குப் போக முடியாது. எனவே கூட்டணியில் சேர்வது என்பது அந்த வாரத்தையே ஒப்படைப்பதாகும்.

கூட்டணி என்றதும் தமிழர்களுக்குத் தொகுதிப் பங்கீடு நினைவுக்கு வரும். இங்கும் முதல் சண்டை பங்கீட்டில்தான். வீழ்ந்த எதிரி தரும் பொருள்கள் லூட் எனப்படும். 40 பேர் உழைத்தாலும் இரண்டு மூன்று பொருள்களே கிடைக்கும். இதற்காக எவர்குவெஸ்ட் காலத்திலேயே டிகேபி என்னும் புள்ளிமுறை தோன்றியது. ரெய்டுக்கு வந்தால் புள்ளி சேரும். பொருளை எடுத்தால் புள்ளி கழியும். ஒரே கில்டுக்குள் இது ஓரளவு நியாயமாக நடக்கும். இரண்டு கில்டுகள் சேரும்போது சிக்கல் தொடங்குகிறது. ஒரு கில்டில் இரண்டாண்டு உழைப்பில் சேர்ந்த 500 புள்ளியும், இன்னொரு கில்டில் இரண்டே மாதத்தில் தாராளமாக வழங்கப்பட்ட 500 புள்ளியும் சமமா? இந்த இரண்டு ‘நாணயங்களுக்கும்’ மாற்று விகிதம் கிடையாது. பழைய கணக்கைத் துடைத்து எல்லோரும் சுழியத்தில் தொடங்குவது ஒரு தீர்வு. மூத்தவர்கள் மனம் நோவார்கள். பகடை உருட்டித் தருவது இன்னொன்று. அதில் யாருக்கும் குறை சொல்ல இடமில்லை, ஆனால் உழைப்புக்கு மதிப்பும் இல்லை. கூட்டணிக்கெனத் தனிக் கணக்கைப் புதிதாகத் தொடங்கி, பழைய புள்ளிகளை அவரவர் கில்டுக்குள் விட்டுவிடுவதே நடைமுறையில் குறைந்த மனத்தாங்கலைத் தரும்.

விதியாகவே அமைந்த கூட்டணிகள்

சில விளையாட்டுகள் கூட்டணியை விதியாகவே வைத்திருந்தன. கில்டு வார்ஸ் விளையாட்டின் 2006-ஆம் ஆண்டு வெளியீடான ஃபாக்ஷன்ஸில் பத்துக் கில்டுகள் வரை ஒரு கூட்டணியாகலாம். ஒரு கில்டுக்கு 100 பேர் வரம்பு என்பதால் ஆயிரம் பேர் வரை ஒரே அரட்டையில் இருக்க முடிந்தது. கூட்டணி முழுவதும் குர்சிக், லக்ஸன் என்ற இரு தரப்பில் ஒன்றைச் சார்ந்திருக்க வேண்டும். அதிகப் புள்ளி திரட்டிய கூட்டணி ஊர்களின் உரிமையைப் பெற்றது. நோக்கம் போட்டிதான். ஆனால் கூட்டம் குறைந்த பின் அந்தப் பொது அரட்டையே பல சிறு கில்டுகளுக்குப் பேச்சுத்துணை ஆனது. நான்கு பேர் மட்டுமே எஞ்சிய கில்டும் தன் பெயரையும் தன் கொடி பொறித்த மேலங்கியையும் விடாமல் இருக்க முடிந்தது. சிட்டி ஆஃப் ஹீரோஸிலும் சூப்பர்குரூப்புகள் கோவலிஷன் அமைக்க இதைப் போன்ற வசதி இருந்தது. ஈவ் ஆன்லைன் கூட்டணிகள் பிரம்மாண்டமானவை. ஆனால் அவை நிலப்பரப்புக்கான போரைச் சார்ந்தவை, இக்கட்டுரையின் பொருளிலிருந்து சற்று விலகியவை.

கதை நடிக்கும் குழுக்கள்

ரெய்டைவிடப் பாத்திரமாகப் பேசி நடிப்பதையே முதன்மையாகக் கொண்ட கில்டுகளும் உண்டு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ஐரோப்பாவின் ஆர்ஜண்ட் டான், அமெரிக்காவின் மூன் கார்ட் ஆகிய சர்வர்கள் இதற்குப் பேர்போனவை. இவர்களுக்குக் குறைந்தபட்ச எண் என்று எதுவும் இல்லை. இருவர் இருந்தாலும் காட்சி நடக்கும். ஆனால் அதே இருவர் அதே விடுதியில் எத்தனை மாதம் பேசுவது? இவர்களின் கூட்டணிக்குக் கதையிலேயே ஒரு காரணம் தேவைப்படும். நகரக் காவலர் கில்டும் வணிகர் கில்டும் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொள்கின்றன என்று ஒரு காட்சி எழுதுவார்கள். அங்கே தகராறு பொருளுக்காக வருவதில்லை, வரலாற்றுக்காக வரும். ஒரு குழுவின் கதையில் சென்ற ஆண்டு இறந்த தளபதி மற்றதன் கதையில் உயிருடன் இருப்பார்.

எழுத்து வழியே மட்டும் நடக்கும் ஸ்டார் டிரெக் குழுக்களுக்கும் இதே நிலைதான். 1994-இல் தொடங்கிய ஸ்டார்பேஸ் 118 போன்ற அமைப்புகளில் ஒவ்வொரு விண்கலமும் ஒரு குழு. உறுப்பினர்கள் முறைவைத்துக் கதையைத் தொடர்ந்து எழுதுவார்கள். எழுதுவோர் குறைந்த கலத்தைக் கதையிலேயே சேதப்படுத்தி, அதன் பணியாளர்களை அடுத்த கலத்துக்கு மாற்றுவது இவ்வகைக் குழுக்களுக்குப் பொருந்தும் வழி. மூடப்பட்டது என்று அறிவிப்பதைவிட இது எவ்வளவோ மேல். குழு முடிந்தாலும் பாத்திரம் பிழைத்துவிடுகிறது.

நிறுவனங்களின் தலையீடு

ஆள் குறைந்த சர்வர்களில் எல்லாக் கில்டுகளும் நலிந்திருக்கும். அவற்றுக்குள் கூட்டணி அமைத்தாலும் போதாது. 2013 செப்டம்பரில் பிளிஸார்ட் நிறுவனம் இத்தகைய சர்வர்களைப் பிணைக்கும் முறையைக் கொண்டுவந்தது. பிணைக்கப்பட்ட சர்வர்களைச் சேர்ந்தோர் ஒரே கில்டில் இருக்கலாம். பரம எதிரிகளாகக் கதையில் வரும் இரு தரப்பினரும் ஒரே கில்டில் சேர 2023 மே மாதம் அனுமதி வந்தது. ரெய்டுக் கில்டுகளுக்கு அது வசதி. பல ஆண்டுகள் அந்தப் பகையை நடித்த குழுக்களுக்கு அது கதை சார்ந்த ஒரு தலைவலி.

கூட்டணிகள் முறியும் விதம்

வெளிப்படையான சண்டையில் முடிபவை சில. மற்றவை சத்தமில்லாமல் கரைகின்றன. 15 பேர் கொண்ட கில்டும் ஐந்து பேர் கொண்ட கில்டும் சேர்ந்து ரெய்டுக்குப் போகும்போது, சிறிய கில்டின் திறமைசாலி பெரிய கில்டாரின் கண்ணில் படுகிறார். சில வாரங்களில் அங்கேயே போய்விடுகிறார். யாரும் துரோகம் செய்யவில்லை. தினமும் பேசும் நண்பர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே அவர் போயிருக்கிறார். இதைத் தவிர்க்க, கூட்டணிக் கில்டுகளிலிருந்து ஆள் எடுப்பதில்லை என்று எழுதிவைக்கும் குழுக்கள் உண்டு. விரும்பிப் போகிறவரை அந்த விதியால் நிறுத்த முடிவதில்லை. ரெய்டு பொதுவாகவும், வாரத்தில் ஒரு மாலையாவது கில்டுக்கே உரியதாகவும் வைத்துக்கொண்ட சிறு குழுக்களுக்குத் தம் ஆள்களைத் தக்கவைத்துக்கொள்ள அதிக வாய்ப்புண்டு.