மழையில் எகிறும் கதிரியக்கம்

அணு உலை என்று ஒன்று உலகில் இல்லாத 1902ஆம் ஆண்டு. கேம்பிரிட்ஜில் இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன், அப்போதுதான் பெய்த மழைநீரைப் பிடித்து வற்றக் காய்ச்சினார். அடியில் மிஞ்சிய படிவு கதிரியக்கம் காட்டியது. சுமார் அரை மணி நேரத்தில் அது பாதியானது.

அந்தக் கதிரியக்கத்தின் ஊற்று மண்ணில் இருக்கிறது. எந்த ஊர் மண்ணிலும் துளியளவு யுரேனியம் உண்டு. அது படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகி, ரேடியம் ரேடான் வாயுவாகிறது. நிறமும் மணமும் இல்லாத இந்த வாயுவின் அரை ஆயுள் 3.8 நாள். மண் இடுக்குகள் வழியே கசிந்து காற்றில் கலக்கும். திறந்தவெளியில் ஒரு கன மீட்டர் காற்றில் நொடிக்குச் சுமார் 5 முதல் 15 ரேடான் அணுக்கள் சிதைவது வழக்கம்.

இந்த அளவு ஒரே நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும். மேகமில்லாத, காற்றசையாத இரவில் தரை குளிர, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து எழ முடியாமல் கிடக்கும். கசியும் ரேடான் அதிலேயே தேங்கி விடியற்காலையில் உச்சம் தொடும். வெயில் ஏறினால் காற்று புரண்டு கலந்து, பிற்பகலில் அளவு சரிந்துவிடும். கடல் மிகக் குறைவாகவே ரேடானை வெளிவிடுவதால் அரபிக்கடலைக் கடந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றில் அது சொற்பம். பல நாள் நிலத்தின் மேல் ஊர்ந்த காற்றில் அதிகம். காற்று வந்த வழியைக் கண்டறிய ஆய்வாளர்கள் ரேடானையே தடயமாகக் கொள்வதும் உண்டு.

மழை செய்வது வேறு வேலை. ரேடான் மந்த வாயு, துளிகளில் அவ்வளவாகச் சேராது. ஆனால் அது சிதைந்து பிறக்கும் ஈயம்-214, பிஸ்மத்-214 இரண்டும் உலோகங்கள். தூசியில் ஒட்டி மிதப்பவை. உயரே பரவிக் கிடந்தவற்றை மழை வாரிக்கொண்டு தரையில் இறக்க, காமா அளவி எகிறுகிறது. (மழையில் நனைந்தால் சளிக்குப் பயப்படலாம், இதற்கு வேண்டாம்.) அவற்றின் அரை ஆயுள் முறையே 27, 20 நிமிடங்கள். வில்சன் கண்ட அரை மணிக் கணக்கு இவற்றுடையதே. மழை விட்டுச் சில மணி நேரத்தில் அளவி பழைய நிலைக்கு வரும். சில சமயம் அதற்கும் கீழே போகும். ஊறிய மண் ரேடானை வெளியே விடாது, தரைக்குள்ளிருந்து வரும் காமா கதிரையும் ஓரளவு தடுத்துவிடும்.

அணுமின் நிலையத்தைச் சுற்றிக் கண்காணிப்பவர்களுக்கு இது தலைவலி. எகிறியது மழையாலா, கசிவாலா? மழைமானியைப் பார்ப்பது முதல் வேலை. ஐயம் தீராவிட்டால் காமா கதிரின் ஆற்றலை அளப்பார்கள்: 609 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்றால் பிஸ்மத்-214, மழையின் வேலை, 662 என்றால் சீசியம்-137, அது மண் தந்ததல்ல.